யானை கட்டிய தூண்

இந்த ஊரில் அரண்மனைக்குள் போகிறவர்கள் செருப்பின்மேல் செருப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள், உண்மைதான். வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டி நிறைய, தடித்த கம்பளித் துணியில் செய்த செருப்புகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் முறம் அகலம். பன்டோஃபெல் என்று பெயர். பூட்ஸ் காலை அப்படியே அதற்குள் நுழைத்துக்கொண்டு, மரத்தரையில் கீறல் விழாமல் சறுக்கிச் சறுக்கி நடக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நான் அதைக் கவனிக்கவில்லை. அரண்மனைப் படியைக் கண்டதும் குனிந்து பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். டிக்கெட் கிழிக்கும் கிழவர் "நைன், நைன்", கூடாது கூடாது என்று பதறி ஓடிவந்தார். வெறும் காலில் நின்ற என்னைப் பார்த்து வரிசையில் நின்ற குழந்தைகள் சிரித்தன.

கோயிலுக்குப் போனால் செருப்பை வெளியே விடுவோம். யாரும் அக்குளில் இடுக்குவதில்லை. அரண்மனை வாசலில் மட்டும்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் அப்படிச் செய்வார்கள், ஏனென்றால் அங்கே செருப்பைக் கழற்றி வைத்தால் வாசலை அசிங்கப்படுத்திய குற்றம். ஜெர்மனிக்கு வந்து ஆறு வருஷமாகிறது. இரும்பாலையில் என் சொல் கேட்டுப் பன்னிரண்டு ஜெர்மானியர்கள் வேலை செய்கிறார்கள். குளிருக்குக் கோட்டும் தொப்பியும் பழகிவிட்டன, புளித்த முட்டைக்கோஸ்கூடப் பழகிவிட்டது. ஆனால் இந்தக் கால் இருக்கிறதே, இது இன்னும் எங்கள் ஊர் அச்சன்புதூரிலிருந்து குற்றாலத்துக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறது. என் காலின்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அந்த அரண்மனையை இங்கே ஷ்லோஸ் என்கிறார்கள். போரில் குண்டு விழுந்து நான்கு சுவர் மட்டும் மிஞ்சியதாம். இருபது வருஷமாக ஒவ்வொரு அறையாகத் திரும்பக் கட்டி இப்போது மியூசியமாக்கியிருக்கிறார்கள். முதல் அறையில் ராஜாவின் படம் இல்லை. இடிந்து கிடந்த காட்சியைத்தான் பெரிய பெரிய போட்டோக்களாக மாட்டியிருக்கிறார்கள். பழைய கல் கறுப்பு, புதுக்கல் வெளுப்பு; இரண்டையும் ஒரே நிறமாகப் பூசி மறைக்கவில்லை. எது அன்றைக்குள்ளது, எது நேற்றுக் கட்டியது என்று எழுத்துத் தெரியாதவனுக்குக்கூடப் புரியும். நல்ல விஷயம்தானே என்பீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பூச்சட்டை போட்ட நடுவயதுப் பெண் ஒருவர் சுற்றிக்காட்டினார். விருந்து அறை, நாட்டிய அறை, ராணி தலைவாரிய அறை. எல்லாம் பார்த்து முடித்ததும் அவரிடம் போய், எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "வேலைக்காரர்கள் எந்த வாசல் வழியாக வருவார்கள்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாக, "இன்றைக்கு ஞாயிறு. ஆபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும். காலையிலேயே வந்துவிடுங்கள், தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்" என்றார். நான் வேலை தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்! கறுத்த ஆள், வேலைக்காரர் வாசலைக் கேட்கிறான், வேறு எதற்கு இருக்கும்? அந்தக் காலத்தைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று விளக்க எனக்கு நாக்குப் புரளவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபம் ஐயாயிரம் மைலுக்கு அப்பால், குற்றாலத்தில் இருக்கிறது. அங்கேயும் ஓர் அரண்மனையைத் திரும்பக் கட்டி மியூசியமாக்கியிருக்கிறார்கள்.

அது எங்கள் பக்கத்து ஜமீன்தாரின் சீசன் அரண்மனை. ஆனி, ஆடியில் சாரல் விழுந்ததும் குடும்பத்தோடு வந்து இரண்டு மாதம் தங்குவார்கள். அவர்கள் குளுமையாகக் குளிப்பதற்கு நாங்கள் முறை செய்ய வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள், பத்து நாள். கூலி கிடையாது, கஞ்சி மட்டும். எங்கள் வீட்டு முறைக்கு அய்யா, என் அப்பா, போவார். அவருக்குத் திரை பிடிக்கிற வேலை. அரண்மனைப் பெண்கள் அருவியில் குளிக்கும்போது, மூங்கில் கம்புகளில் கட்டிய துணித்திரையைச் சுற்றிலும் பிடித்துக்கொண்டு எட்டு ஆண்கள் முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். திரைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். தலை திரும்பக் கூடாது. எத்தனை மணி நேரம் குளித்தாலும் அத்தனை மணி நேரமும்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, ஒரு நாள் அருவியில் திடீரென்று தண்ணீர் கூடியது. ஒரு பெரிய மரக்கொம்பு மேலேயிருந்து உருண்டு வந்தது. அய்யா அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "கொம்பு வருது, ஓடுங்க தாயி" என்று கத்தினார். பெண்கள் ஒதுங்கிப் பிழைத்தார்கள். ஆனால் அய்யா திரும்பிவிட்டார். அரண்மனை முற்றத்தில் மார்பளவு உயரத்தில் ஒரு கல்தூண் உண்டு. அதில் அவரை நிற்கவைத்து, கையைப் பின்னால் வளைத்து, இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், சாரலில். சேதி கேட்டு அண்ணனும் நானும் ஓடிப்போய் வேலிக்கு வெளியே நின்றோம். அய்யா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு ஏழெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு நாளும் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் அந்த அரண்மனை கவனிப்பாரில்லாமல் ஒரு மழையில் கூரை இறங்கியது. பழைய ஜமீன்தாரின் மகன், எல்லோரும் சின்ன எஜமான் என்கிறார்கள், ஊர்ப் பெரிய மனிதர்களைச் சேர்த்துக் கமிட்டி போட்டு, சிமெண்டும் கம்பியுமாக "இருந்தது இருந்தபடியே" கட்டி மியூசியமாகத் திறந்துவிட்டார். எனக்கு அண்ணன் கடிதத்தில் எழுதியிருந்தார், அதில் தனக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது என்று. இடுப்பு வலியில் உழவு பார்க்க முடியாமலிருந்தவருக்கு உட்காருகிற வேலை. நானும் சந்தோஷப்பட்டேன். போன வருஷம் ஆடியில் லீவில் போனபோது, முதல் வேலையாகத் தென்காசியில் பஸ் ஏறிப் பார்க்கப் போனேன்.

அண்ணன் காக்கிச் சட்டையில் மிடுக்காக நின்றிருந்தார். கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர், கூடவே ஒரு வாத்தியார். முற்றத்தில் அந்தத் தூண் நின்றது. எண்ணெய் தடவி, அடியில் சிமெண்ட் பீடம் கட்டி, பக்கத்தில் ஒரு போர்டு: "பட்டத்து யானையைக் கட்டிய தூண்". நான் இரண்டு முறை படித்தேன். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மாணவர்களிடம் ஆரம்பித்தார்.

"இது பட்டத்து யானையக் கெட்டுன தூணு. யான பேரு ராமலச்சுமி. எஜமான் வந்தா தும்பிக்கையத் தூக்கி சலாம் போடுமாம்."

அந்த ஜமீனில் ஒரு காலத்திலும் யானை இருந்ததில்லை. இரண்டு குதிரையும் ஒரு மோட்டாரும்தான். இல்லாத யானைக்குப் பேர் வேறு வைத்திருக்கிறார்கள்! அதற்குச் சலாம் வேறு கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்! எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முன்னால் போய், "யானையை இடுப்பிலா கட்டுவார்கள்? கால் சங்கிலி உரசினால் அடியில் தேய்ந்திருக்கும். பாருங்கள், இங்கே தேய்ந்திருக்கிறது" என்று தூணில் கயிறு அறுத்த பள்ளத்தைத் தொட்டுக் காட்டினேன். என் இடுப்புக்குச் சரியாக இருந்தது. "இதில் கட்டியது மனுஷனை. என் அப்பாவை."

மாடியில் சின்ன எஜமான் எட்டிப் பார்த்தார். மாணவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஸார் வெளிநாட்டுல இருக்காவ. ஊர் வெவரம் தெரியாம பேசுதாவ. யானத் தூணுதான், நீங்க எழுதிக்கிடுங்க."

என்னை ஸார் என்றார். கூடப்பிறந்தவர், என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், அய்யா கட்டுண்டு நின்றதை என் பக்கத்தில் நின்று பார்த்தவர். மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வேலை முடிந்து அவர் வரும்வரை தென்காசி பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். டீக்கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் அண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"பெறவு என்னலே சொல்லச் சொல்லுதே? எங்க அய்யா இதுல கெட்டுப்பட்டவருன்னு தெனம் நாலு பஸ் கூட்டத்துக்குச் சொல்லணுமா? ஆவணில மூத்தவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். வீரகேரளம்புதூர்ல மாப்பிள்ள, போலீஸ்ல இருக்கான். கெட்டுப்பட்டவன் பேத்தின்னு ஒரு வார்த்த அங்கன விழுந்துச்சுன்னா?"

"கட்டினவனுக்குத்தானே அசிங்கம்?"

"அது ஒங்க ஜெர்மனில. இங்கன கெட்டுப்பட்டவனுக்குத்தான் அசிங்கம். அய்யா சாவுதன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்த வெசயம் நம்மளோட போட்டும்'னாரு. யானைன்னே இருந்துட்டுப் போட்டும்லே. யானைக்கு மானம் போகாது." டீயை ஒரே மடக்கில் குடித்தார். "நீ பேசிருவ. பேசிட்டுப் பிளேன் ஏறிருவ. நான் நாளக்கிக் காலைல அதே வாசல்ல நிக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இருந்தால் என்ன? எனக்கு அது பொறுக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், மறுநாளே தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தேன். நான் பார்த்தது, பள்ளத்தின் உயரம், அய்யாவின் பெயர், எல்லாவற்றையும் எழுதினேன். கல்யாணம் வரை இருக்க லீவு இல்லை. மனுவைப் போட்டுவிட்டு நாலாம் நாள் புறப்பட்டேன். கல்லை எறிந்துவிட்டு ஓடுகிறவன் மாதிரி இருந்தது, இருந்தும் புறப்பட்டேன்.

மனு அங்கே பத்து மாதம் தூங்கியது. இந்த வியாழக்கிழமை அண்ணனின் கடிதம் வந்தது. ஷ்லோஸில் அந்த அம்மாள் எனக்குத் தோட்ட வேலை பார்த்துக் கொடுத்ததற்கு நாலு நாள் கழித்து. நீண்ட கடிதம், அவர் அவ்வளவு எழுதுகிறவர் அல்ல.

"தம்பிக்கு, உன் மனுவை விசாரிக்கத் தாசில்தார் வந்தார். முற்றத்தில் எல்லாரையும் நிறுத்தி, கட்டுப்பட்டவர் மகன் யார் என்று கேட்டார். சின்ன எஜமான் என்னையே பார்த்தார். நீ எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாய், நான் என்ன செய்ய? உன் மேல் ரொம்பக் கோபம் வந்தது. அப்புறம் அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டது ஞாபகம் வந்தது. காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நான்தான் என்று சொன்னேன். வேலை போயிற்று. அது போகட்டும். மறுநாள் சம்பந்தி வந்தார். மகளைத் திருப்பி அனுப்பத்தான் வருகிறார் என்று நினைத்து அண்ணி அழுதாள். அவர், 'எங்க அய்யாவையும் அதில் கட்டியிருக்கான், நானும் எழுதிக்கொடுக்கணும், எந்த ஆபீஸ்?' என்று கேட்டார். இப்போது ஒன்பது பேர் எழுதிக்கொடுத்திருக்கிறோம். போர்டைக் கழற்றிவிட்டார்கள். புதுப் போர்டு வரும் என்கிறார்கள், வந்தால்தான் நிச்சயம்."

ஒன்பது பேர்! ஒன்பது வீட்டில், ஒவ்வொரு வீடும் தன் வீட்டுக்கு மட்டும் நடந்த அவமானம் என்று இத்தனை வருஷம் பொத்தி வைத்திருந்திருக்கிறது. அந்த மௌனத்தில்தான் அவர்கள் யானையைக் கட்டிவைத்தார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே மேசையைக் குத்தினேன். கீழ்வீட்டு ஜெர்மன்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார், சத்தம் போடாதே என்று.

கடிதத்தோடு தாலுகா ஆபீஸ் ரிக்கார்டின் நகல் ஒன்றும் இருந்தது. கட்டுப்பட்டவர்களின் பெயர், ஊர், வாரிசு என்று வரிசையாக எழுதியிருந்தது. மூன்றாவதாக அய்யாவின் பெயர். பெயரைத் தொட்டுப் பார்த்தேன். அதற்கு நேரே, வாரிசு என்ற இடத்தில், "மகன் ஒருவர்" என்று இருந்தது.

அண்ணன் கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தார். "உன் பேரையும் சொன்னேன். நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறவர் பேர்தான் எழுதுவார்களாம். ஊரில் இல்லாதவரை எப்படி எழுத என்று தாசில்தார் கேட்டார். மனசில் வைத்துக்கொள்ளாதே."

யார்மேல் கோபப்பட? தாசில்தார் மேலா? அவர் கண்ணால் கண்டதை எழுதினார். அண்ணன் மேலா? நான் கொளுத்திப் போட்டுவிட்டு வந்த நெருப்பில் அவர் நின்றார். உடனே பேனாவை எடுத்தேன். அய்யாவுக்கு மகன் இரண்டு பேர், இரண்டாமவன் நான்தான், என் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று தாசில்தாருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை, அவ்வளவு கோபம். உறையில் போட்டு ஒட்டினேன். திருப்பி, அனுப்புநர் விலாசம் எழுத வேண்டிய இடத்தில் அச்சன்புதூர் என்று எழுதப் போனேன். அங்கிருந்து நான் அனுப்பவில்லையே. இந்த ஜெர்மன் தெருவின் பெயரை, கதவு நம்பரோடு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்.