கை எட்டாத இடம்

ஸ்ரனிஸ்லஸ் எதைப் பூட்டினாலும் அதைக் கழற்றக் கை எட்ட வேண்டும். அவருக்கு அது வேதத்தின் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பதினோராவது கட்டளை. குசினியில் சீனிப் போத்தல் வைக்கிற பலகையை மனைவி மரியமலரின் கைக்கு அளந்து, சரிவராமல் கழற்றி, திரும்பவும் அளந்து பூட்டிய மனுசன். ‘ஸ்ரனிஸ் கோயில் கட்டினால் மணியையும் தோள் உயரத்தில்தான் தொங்கவிடுவார்’ என்று கரையில் உள்ளவர்கள் பகிடி விடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பகிடி விடுகிறவர்கள் வின்சனை மறந்துவிடுகிறார்கள். வின்சன் அவருடைய தம்பி. முல்லைத்தீவுக் கடலில் படகு எஞ்சின் திருத்துவதில் ஸ்ரனிஸ்லஸ் பேரெடுத்திருந்த நாட்களில், அண்ணன் ஊரில் இல்லாத ஒரு கிழமையில், வின்சன் வேறு யாரிடமோ கொடுத்து, எஞ்சினுக்குப் போகிற எண்ணெயில் தூசி வடிக்கிற வடியைப் புதிதாகப் பூட்டுவித்தான். பூட்டியவன் அதை எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவே, வடிவாக, ஒளித்து வைத்ததுபோல் பூட்டியிருந்தான். நடுக்கடலில் அது அடைத்துக்கொண்டு எஞ்சின் நின்றுவிட்டது. காற்று கிளம்பிவிட்ட நேரம். பிறகு படகு கரைக்கு வந்தது, வின்சன் வரவில்லை. வடியைச் சுற்றிக் கத்தியால் சுரண்டிச் சுரண்டிப் பார்த்த தழும்புகள் இருந்தன. அந்தத் தழும்புகளைத் தடவிப் பார்த்த விரல்கள் அதற்குப் பிறகு எதையும் எட்டாத இடத்தில் பூட்ட மறுத்துவிட்டன.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்த பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. முள்ளியவளையில் ஒரு கராஜ் போட்டார். உழவு மெசினும் மோட்டார் சைக்கிளும் வந்தன, காலப்போக்கில் கார்களும் வந்தன.

மரியமலருக்கு ஒரு சிக்கல் இருந்தது. யுத்தத்தின் கடைசி மாதங்களில், காயப்பட்ட மகள் ஆன்சலாவை மடியில் வைத்துக்கொண்டு, காயக்காரரைக் கிடத்தியிருந்த கூடாரத்துக்குப் பின்னால் ஓயாமல் ஓடிய ஜெனரேற்றரின் புகைக்குள் இருந்தவள் அவள். பிள்ளை பிழைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எரிந்தும் எரியாத எண்ணெய்ப் புகை மூக்கில் பட்டால் மரியமலருக்குக் கண் இருட்டிவிடும். பஸ் ஏறமாட்டாள், ஆட்டோவும் ஏறமாட்டாள். கோயிலுக்கும் சந்தைக்கும் சைக்கிள்தான். சைக்கிள் போகாத ஊர்கள் அவளுக்கு இல்லாத ஊர்கள் ஆகிவிட்டன.

அந்த இல்லாத ஊர்களில் ஒன்றான வவுனியாவில் ஆன்சலா கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். இந்த வருடம் அவளுக்கு முதல் வார்த்தைப்பாடு. மகள் பீடத்தின் முன் முழந்தாளிட்டு வாக்குக் கொடுப்பதைத் தாய் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். புகை மணக்காத ஒரு காரில் அவளைக் கூட்டிப்போகலாம் என்று, ஸ்ரனிஸ்லஸ் மாங்குளத்தில் மஸாஹிரின் பழைய சாமான் காணிக்குப் போய் ஒரு சின்னக் கார் பார்த்தார். டர்போ பூட்டிய கார் என்று பயந்து ஒருவரும் அதைக் கேட்காமல் விட்டிருந்தார்கள். எஞ்சின் நல்ல எஞ்சின், புகைக்குழாய்தான் உக்கிக் கொட்டியிருந்தது.

“குழாய் நான் செய்வன்,” என்று சொல்லி அதை வாங்கிவந்தார். செய்தும் விட்டார். வெல்டிங் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒக்சிசன் சென்சரை எங்கே வைப்பது என்பதுதான் மிச்சம். அந்தச் சென்சர் புகையை மோந்து, அதில் எவ்வளவு ஒக்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று காரின் கணினிக்குச் சொல்லும். கணினி அதை நம்பித்தான் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். ஸ்ரனிஸ்லஸ் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. பின்னால் குனிந்து கையை விட்டால் பிடிபடுகிற மாதிரி, குழாயின் வாலடியில் பூட்டி, வயரை நீட்டி இழுத்துக் கொடுத்தார். கடலில் படித்த பாடம் கை வேலையில் இறங்கிவிட்டது.

ஒரு பின்னேரம் காரை ஓடிப் பார்க்கப் புறப்பட்டார்கள். மரியமலர் சீலையை ஒதுக்கிக்கொண்டு முன்சீற்றில் இருந்தாள். தண்ணீரூற்றுச் சந்திக்குக் கிட்டவே பெற்றோல் மணம் உள்ளே வந்துவிட்டது. பின்னால் கரும்புகை. அவள் அவருடைய கையைத் தட்டினாள், கார் நின்றது, இறங்கி வீதியோர மதவுக் கட்டில் குந்திக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை.

“இஞ்சேருங்கோ, நீங்கள் மட்டும் போயிட்டு வாங்கோ,” என்றாள், மூச்சு வந்த பிறகு. “அம்மா வீட்டில இருந்து செபிக்கிறா எண்டு பிள்ளையிட்டச் சொல்லுங்கோ. அவள் கோவிக்க மாட்டாள்.”

மரியமலர் அவரோடு கோவித்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். காரை ஒருவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு அவளோடு வீடுவரை நடந்தார்.

அடுத்த நாள் மாங்குளத்துக்குத் தனியாகக் காரை ஓட்டிப் போனார். மஸாஹிர் சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவன். திரும்பி வந்து ஏ-ஒன்பது வீதியில் கடை போட்டபோது ஊர்ப் பேச்சையும் கொண்டுவந்தான், பகிடி வாயையும் கொண்டுவந்தான். காரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டான்.

“அண்ணை, இதென்ன, வாலில மூக்கு வைச்சிருக்கிறீங்கள்?”

“கை எட்ட வேணுமெல்லோ, தம்பி.”

“கை எட்டுது. வெளிக்காத்தும் எட்டுது. குழாயின்ர வாலுக்குள்ள காத்து திரும்பி உள்ள பூரும். சென்சர் அதை மோந்துபோட்டு, காத்து மிச்சமிருக்கு, பெற்றோல் காணாது எண்டு சொல்லும். கணினி பாவம், அதை நம்பி இன்னும் ஊத்தும். அதுதான் கரும்புகை.”

ஸ்ரனிஸ்லஸுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அடுத்த பிழைக்குத் தாவினார்.

“அப்ப முன்னுக்கு வைக்கிறன். பொனற் மூடியைத் திறந்தா டர்போவுக்கு முன்னால ஒரு இடமிருக்கு. அங்கயும் கை எட்டும்.”

மஸாஹிர் தலையில் கை வைத்தான். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சக்கரம். அதற்கு முன்னால் புகை நெருக்குப்பட்டு நிற்கும்.

“அந்த அமுக்கத்தில சென்சர் சரியாச் சொல்லாது. சூட்டில கெதியா அவிஞ்சும் போகும். டர்போவுக்குப் பிறகு வையுங்கோ அண்ணை. அதால வெளிய வந்து ஒண்டரை முழம் தள்ளி, புகையைச் சுத்தமாக்கிற டப்பாவுக்கு முன்னால. குழாயின்ர மேல்பக்கம், கொஞ்சம் சரிச்சு. கீழ்ப்பக்கம் வைச்சா, குழாயில ஊறுற தண்ணி அதில நிண்டு, சூடேறக்க உள்ளுக்கிருக்கிற பீங்கான் வெடிச்சிடும்.”

ஸ்ரனிஸ்லஸ் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவே, இருட்டுக்குள், ஒரு கடைந்தெடுத்த ஒளிப்பிடம். மேலேயிருந்தும் எட்டாது, பக்கத்திலிருந்தும் எட்டாது. வெளியே வந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

“இது பழுதாப்போய் காட்டு றோட்டில நிண்டா? மலர் உள்ளுக்கு இருக்கக்க?”

மஸாஹிர் பகிடியை நிறுத்திவிட்டான். வின்சனின் கதை அவனுக்கும் தெரியும்.

“நிண்டா, கதவைத் திறந்து இறங்குங்கோ அண்ணை. இறங்கினா காலுக்குக் கீழ தரை இருக்கு. எனக்கு ஒரு போன் எடுங்கோ, நான் வாறன். இது கடல் இல்லை.”

எத்தனையோ வருடமாகத் தரையில் வாழ்கிற மனிதருக்கு அதை ஒருவர் சொல்லவேண்டியிருந்தது. ஸ்ரனிஸ்லஸ் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ துப்புரவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து, குழாயைக் கழற்றி, வாலில் சென்சர் இருந்த ஓட்டையை அடைத்தார். மஸாஹிர் சொன்ன இடத்தில் துளைத்து, வளையம் வைத்து, புகை ஒழுகாமல் சுற்றிவரப் பற்றவைத்தார். குழாயைத் திரும்பப் பூட்டி, அடியில் படுத்துச் சென்சரை முறுக்கி முடித்ததும், எழும்பி நின்று மேலேயிருந்து கையை விட்டுப் பார்த்தார். பழக்கம் விடாதல்லவா. விரல் நுனிக்கும் சென்சருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. கையை வெளியே எடுத்தார், பொனற்றை மூடினார்.

எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். அவள் கிணற்றடியில் நின்றாள்.

“கொஞ்சம் கிட்ட வாரும்.”

“வாறன், அவசரப்படுத்தாதேங்கோ.”

பலாமரம்வரை வந்தாள். பிறகு துணி காயும் கொடிவரை. சீலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி காரின் பின்னால் வந்து நின்று, தலைப்பை மெல்ல இறக்கினாள். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, அவளுடைய நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சோறு வடிக்கிற ஆவி மாதிரித்தான் கிடக்கு,” என்றாள் மரியமலர்.

வார்த்தைப்பாட்டு நாளில் விடியப் புறப்பட்டார்கள். அவள் செபமாலையைக் கையில் சுற்றியிருந்தாள். ஸ்ரனிஸ்லஸ் அவள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால், நிற்பாட்டச் சொல்லிவிடுவாளோ என்ற பயம். ஒட்டுசுட்டான் போனது, மாங்குளம் போனது, கனகராயன்குளமும் போனது. பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஓமந்தை வரும்போது அந்த அமைதியை அவரால் தாங்கமுடியவில்லை. திரும்பிப் பார்த்தார். தலை சாய்ந்து கிடந்தது, கண் மூடியிருந்தது, செபமாலை மடியில் நழுவிக் கிடந்தது.

காரை ஓரத்தில் ஒரே அடியாக நிற்பாட்டினார்.

“மலர்! மலர்!” தோளைப் பிடித்து உலுக்கினார்.

அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். “என்னப்பா? வந்திட்டமோ?”

“இல்லை,” என்றார் ஒருவாறு. “இன்னும் இருக்கு. நீர் படுத்திரும்.”

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். ஸ்ரனிஸ்லஸ் கண்ணைத் துடைத்துவிட்டு மெதுவாகக் காரை ஓட்டினார்.

ஆன்சலா, அம்மா வரமாட்டா என்று மடத்துச் சகோதரிகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அதனால் முன்வரிசையில் அப்பாவுக்கு மட்டும்தான் கதிரை போட்டிருந்தார்கள். இன்னொரு கதிரை அவசரமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். பூசை முடிந்ததும் ஆன்சலா ஓடி வந்து தாயின் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.

“எப்பிடியம்மா வந்தனீங்கள்? தலை சுத்தேல்லையோ?”

“வந்தனான் எண்டு சொல்லேலாது, பிள்ளை,” என்றாள் மரியமலர். “நித்திரை கொண்டனான். கண்ணைத் திறக்க நீ நிக்கிறாய்.”