மூன்று சேகண்டிக்கு மூன்று கை

புளி போட்டுத் தேய்த்த வெண்கலத்தின் நெடி விரலை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும். சோறு பிசைந்தாலும் அதுதான் மணக்கும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்தபோது அம்மா தனக்கென்று கொண்டுவந்தது மூன்று சேகண்டிகள் மட்டுமே. நடுவில் குமிழ் வைத்தவை. அவள் பாஷையில் "டார்". அம்மா அந்த நாட்டின் சின் மலையில் பிறந்தவள். வேலைக்காக ரங்கூனுக்கு இறங்கி வந்து, அங்கே மூட்டை தூக்கிய என் அப்பாவைக் கட்டிக்கொண்டு, துரத்தப்பட்ட கூட்டத்தோடு வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தாள். தெருவில் அவளுக்குப் பெயர் "சப்பை மூக்கி". அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருத்தியைத் தவிர யாரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் ஆறாவது படிக்கும்போது, அம்மாவின் அண்ணன் செத்துப்போன கடிதம் நாலு மாதம் கழித்து வந்தது. அவள் ஊரில் சாவுக்கு மூன்று சேகண்டியையும் அடிப்பார்கள். ஆளுக்கு ஒன்று, ஒருவருக்கு ஒரே ஒலி. ஒருவர் அடித்ததும் அடுத்தவர் என்று மாறி மாறி விழுந்தால்தான் அது பாட்டு. அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் செத்தவர் போய்ச் சேருவார். அங்கே ஊரே கலைந்துவிட்டது, அடிக்க ஆளில்லை என்று கடிதத்தில் இருந்தது. நாமாவது அடிக்கும்வரை தலை சீவமாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா ஒன்று, நான் ஒன்று. மூன்றாவதற்கு அப்பாவை உட்கார வைத்தால், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடிக்க மறந்துவிடுவார். பிறகு, சாவு மேளம் அடிக்கும் கபாலி மாமாவைக் கூப்பிட்டோம். எங்கள் இரண்டு ஒலிக்கும் நடுவே அவர் நாலு போட்டு நிரப்பினார்.

"இன்னாம்மா இது, ஒரு அடி அட்ச்சிட்டு பொம்மையாட்டம் குந்திகினு இருக்கணுமா? கை அரிக்குது!"

"நீ நாலு அடிச்சா எங்கண்ணன் எந்தப் பக்கம் போவான்? டோல்கேட்டுல நின்னு பஸ்ஸு தேடுவான்" என்றாள் அம்மா, அழுதுகொண்டே.

மூன்றாம் நாள் மத்தியானம் எதிர்வீட்டு முத்தம்மா உள்ளே வந்தாள். மிளகாய் இடித்து விற்பவள். அவள் வாசலில் ஒரே உரலில் மூன்று பெண்கள் உலக்கை போடுவார்கள். அந்தக் கார நெடிக்காக அம்மா அவளோடு சண்டை போட்டுப் பேச்சே நின்றுபோயிருந்தது. "சப்பை மூக்கி" என்று முதலில் பெயர் வைத்ததே அவள்தான்.

"மூணு நாளா இன்னா சத்தம் இது, காது குட்த்து கேக்க முடில. நவுரு கபாலி" என்று கோலைப் பிடுங்கிக்கொண்டாள்.

அம்மா ஒருமுறை அடித்துக் காட்டினாள். 

"இவ்ளோதானா? உன் உலக்கை எழும்பச்சொல்லோ என்னுது எறங்கணும். முந்திக்கினா கை நசுங்கிப்பூடும். இதுக்கா மூணு நாளு?"

அடித்தோம். முத்தம்மா ஒரு அடி முந்தவில்லை, ஒரு அடி பிந்தவில்லை. ஆலைச் சங்கு ஊதும்வரை அடித்தோம். தெருவே வாசலில் நின்றது. முடிந்ததும் முத்தம்மாவே சீப்பை எடுத்தாள்.

"குந்து. தலையா இது, காக்கா கூடு."

"ஐயோ, எரியுது! உன் கையில மிளகா!"

"எரியட்டும். மூணு நாளா எங்க காத எரிச்சியே."

அம்மா சிரித்தாள். கடிதம் வந்ததற்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். பெயரை மட்டும் முத்தம்மா கடைசிவரை மாற்றவில்லை.

குடிசைகளை இடித்து அடுக்குமாடி கட்டியபோது உரலும் மண்ணோடு போயிற்று. இப்போது மிளகாய் மில்லுக்குப் போகிறது. அதற்காக நான் அழமாட்டேன். உலக்கை போட்டுக் கை காய்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அம்மா செத்தபோது நானும், முத்தம்மாவும், அவளோடு இடித்த ஒருத்தியும் பிசகில்லாமல் அடித்து அனுப்பினோம். போன வருஷம் முத்தம்மா போனாள். எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அவள் வீட்டு வாசலில் ஒற்றைச் சேகண்டியோடு உட்கார்ந்தேன். என் அடியைப் போட்டு, மற்ற இரண்டு அடி விழவேண்டிய நேரம் முழுக்கக் கையைத் தூக்கிக் காத்திருந்து, மறுபடி அடித்தேன்.