அழகன் எய்த ஏழரை இறாத்தல் கெண்டை

அழகன் 1933இல், இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே மூன்று மைல் தூரத்திலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில் பிறந்தார். ஒரே கூரையின் கீழ் பதினான்கு ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக இருந்த லயத்தில் அவருடையது ஐந்தாவது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவது தொழில். மணம் செய்துகொள்ளவில்லை. ஆறாவது காம்பராவில் அவருடைய தங்கை ராக்காயியும் அவள் கணவர் இராமையாவும் இருந்தார்கள்.

தோட்டத்துக் குளத்தில், முன்பு யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கொண்டுவந்து விட்ட பெரிய கெண்டைகள் பெருகியிருந்தன. மற்றவர்கள் தூண்டில் போட்டார்கள். அழகன் வில்லால் எய்தார். மூங்கில் வில்லின் நீளம் நான்கடி இரண்டு அங்குலம். அம்பின் முனை, அராவிக் கொக்கி வைத்த குடைக்கம்பி. அம்பின் பின்புறத்தில் முப்பதடி நைலான் நூல் கட்டியிருக்கும். தண்ணீருக்குள் மீன் தெரிகிற இடத்தில் மீன் இருக்காது, ஒரு சாண் கீழே எய்ய வேண்டும் என்பார்.

தூண்டிலில் சிக்கிய சிறிய மீனைக் கழற்றித் திரும்ப விடலாம். அம்பு பட்டதை விட முடியாது. ஆகவே யார் தின்னப் போகிறார்கள் என்று தெரியாமல் அவர் வில்லை எடுப்பதில்லை. எய்ததும் கரையிலேயே செவுளை வெட்டி, ஓடுகிற தண்ணீரில் பிடித்து இரத்தத்தை வடியவிடுவார். அம்பு பாய்ந்த இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலச் சதையையும், தோலுக்கடியில் ஓடும் கறுப்புச் சதையையும் எடுத்து எறிவார். பிறகு உப்பு, மஞ்சள், கொறக்காப்புளி. கெண்டையைச் சேற்று நாற்றம் என்று ஒதுக்கியவர்களும் அவர் கொடுத்த துண்டை வேண்டாம் என்றதில்லை.

1974 மாசியில் காமன் கூத்துக்கு அவரை மன்மதனாக்கினார்கள். சிவன் மன்மதனை எரித்த கதையைப் பௌர்ணமி வரை ஆடி, கடைசியில் காமன் கம்பத்தைக் கொளுத்துவது வழக்கம். அழகன் ஒன்பது வருடம் தூதன் வேஷம் கட்டிக் காத்திருந்தவர். பெப்ரவரி 24 ஞாயிற்றுக்கிழமை, தோட்டத் தலைவர் பொன்னையா அவர் கையில் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் கம்பம் எரியும் வரை லயத்தில் மீனும் இறைச்சியும் சமைக்கக்கூடாது. காப்பு அணிந்தவர் உயிரொன்றையும் கொல்லக்கூடாது.

அதற்கு முதல் நாள்தான் ராக்காயிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. தங்கை வேறு குடும்பத்துக்குப் போனவள் என்பதால் தீட்டு அழகனுக்கு இல்லை. பிறந்தபோது குழந்தை ஐந்து இறாத்தல் இரண்டு அவுன்ஸ். மார்ச் 1 வெள்ளியன்று நான்கு இறாத்தல் ஒன்பது அவுன்ஸ். தாய்க்குப் பால் ஊறவில்லை. அந்த வருடம் மாவும் அரிசியும் கூப்பன் அளவுக்கே கிடைத்தன. கடையில் கருவாடு இல்லை, மருந்துக்காம்பராவில் பால்மா இல்லை. தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா இசபெல் வந்து பார்த்தாள்.

"மீன் தலையில சாறு வச்சுக் குடுங்க. இல்லாட்டி இந்தப் புள்ள ஞாயித்துக்கெழம தாண்டாது," என்றாள்.

இராமையா உடனே வில்லை எடுத்தார்.

"வச்சிருங்க மச்சான்," என்றார் அழகன். "நீங்க எய்தா மீனு அம்பு பட்டுச் சாகாது, சிரிச்சுத்தான் சாகும்."

பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் கம்பத்தடிக்குப் போய்ப் பொன்னையாவிடம் கையை நீட்டினார்.

"இத அவுத்துருங்க தலைவரே."

"ஏன்டா, வேஷம் சின்னதாப் போச்சா?"

"மீன் எய்யணும்ங்க. தங்கச்சிக்கு."

"பச்ச ஒடம்புக்காரி தின்னா குத்தமில்ல. ஆனா ஓங் கையால கொல்லக்கூடாது. கட்டுன காப்பக் கம்பம் எரியாம அவுக்கவும் கூடாது. நான் அவுக்க மாட்டேன்."

"ஒங்க கைக்குப் பாவம் வேணாங்க."

கவ்வாத்துக் கத்தியால் அழகனே கயிற்றை அறுத்துக் கம்பத்தடியில் வைத்தார். "இனி கூத்துப் பந்தலுக்குள்ள வராத," என்றார் பொன்னையா.

மூன்றே முக்காலுக்குக் குளக்கரையில் முதல் அம்பு தவறியது. நாலு பத்துக்கு இரண்டாவது பட்டது. அப்போது தொழிற்சாலையில் நிறை எழுதிக்கொண்டிருந்த நான்தான் மீனை அங்கிருந்த தராசில் நிறுத்தேன். ஏழரை இறாத்தல்.

லயத்து அடுப்பு எதிலும் அதை வைக்க முடியாது. கத்தோலிக்கரான இசபெல் ரோட்டுக்கு அப்பால் தனி வீட்டில் இருந்தாள். அழகன் வாசலில் தயங்கி நின்றார்.

"ஒங்களுக்கும் தவக்காலமாமே?"

"எறச்சிதான் ஆகாது. மீனுக்கு ஒன்னுமில்ல. கொண்டாங்க உள்ள. மாப்புள மாதிரி நிக்காம."

தலையை மிளகும் பூண்டும் இட்டுக் கொதிக்கவைத்து, சாற்றை ராக்காயிக்குக் கொடுத்தாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் நடுத்துண்டுச் சாறு. மிஞ்சிய சதையை அழகன் பதினான்கு துண்டாக்கி, உப்புத் தடவி, தேயிலைக் குச்சிகளில் கோத்து இசபெலின் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டார்.

ஞாயிறு மாலை பால் ஊறியது. மீன் சாற்றினால்தானா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. மார்ச் 15இல் குழந்தையின் நிறை ஐந்து இறாத்தல் எட்டு அவுன்ஸ்.

மார்ச் 8 பௌர்ணமியன்று நல்லமுத்து என்பவர் மன்மதனாக ஆடினார். இரண்டு இடத்தில் பாட்டை மறந்தார். அழகன் அன்று பந்தல் பக்கம் வரவில்லை. இசபெலின் வீட்டில் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் காம்பராவுக்கு ஒரு துண்டு என்று கொண்டுபோனார். மூன்றாவது காம்பரா பொன்னையாவுடையது.

"எனக்குமாடா?"

"எனக்குத்தான் பந்தல் இல்ல தலைவரே. மீனுக்கு என்னா?"

பொன்னையா துண்டை மோந்து பார்த்தார். "அப்ப ஏன் இவ்வளவு பொடிசா வெட்டியிருக்க?" என்று வாங்கிக்கொண்டார்.

1975இல் அழகனை யாரும் கூத்துக்குக் கேட்கவில்லை. 1976 மாசியில் பொன்னையா காப்புக் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாவது காம்பராவுக்கே வந்தார்.

"நல்லமுத்து போன வருசமும் பாட்ட முழுங்கிட்டான். நீயே ஆடு. கைய நீட்டு."

அழகன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாங்க தலைவரே. தங்கச்சிக்கு இந்த மாசந்தான் அடுத்த புள்ள."