சலூன்காரர் பெயரில் எங்கள் கம்பெனி

விசாரணை அண்ணன் எந்தக் கடைக்குப் போனாலும் பெயர்ப்பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் இணைய முகவரியைத்தான் முதலில் தேடுவார். கண்ணில் பட்டதும் பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். ஆறு வருடம் பக்கத்து மேசையில் இருந்து பார்த்தேன், அந்தக் கை சுத்தமாக இருந்து நான் கண்டதில்லை. பல் டாக்டர், மெத்தைக் கடை, தண்ணீர் லாரி என்று ஏதாவது ஒன்று அதில் பாதி அழிந்து கிடக்கும்.

அலுவலகத்துக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறப்பார். அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கட்டளையை நாமே தட்ட வேண்டும். ‘ஹூஇஸ்’ என்ற கட்டளையையும் கையில் இருக்கும் முகவரியையும் இரண்டே விரலால் தட்டுவார். எண்டரை மட்டும் ஆணி அடிப்பதுபோல அடிப்பார். அந்த முகவரி யார் பேரில் பதிவாகியிருக்கிறது, என்றைக்குப் பதிந்தார்கள், என்றைக்குக் காலாவதி, போன் நம்பர் என்ன என்று வரிவரியாகக் கொட்டும். இப்போதெல்லாம் பாதிப் பேர் பெயரை மறைத்துவிடுகிறார்கள். அப்படி மறைத்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. "பல்லு புடுங்குறவருக்கு என்னம்மா ரகசியம்?" என்பார்.

யாராவது எங்கள் சர்வருக்குள் நுழையப் பார்த்தால், வந்தவனின் ஐ.பி. எண்ணையும் இதே கட்டளையில் போடுவார். அது எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கிய எண் என்று தெரிந்துவிடும். உடனே புகார் எழுதுவார்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் எண்ணிலிருந்து ஒருவர் நேற்று எங்கள் கதவை நாற்பதாயிரம் முறை தட்டினார். உள்ளே ஆள் இருக்கிறோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." பதில் வந்தது ஒரே ஒரு முறை. ‘உங்கள் புகார் கிடைத்தது’ என்று இயந்திரம் தானாக அனுப்பிய பதில். அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்.

நாங்கள் விற்பது சைக்கிள் உதிரிபாகங்கள். செயின், பெடல், பெல். ஆர்டர் முழுவதும் வெப்சைட் வழியாகத்தான் வரும். முதலாளிகள் இரண்டு பேர், கூடப் பிறந்தவர்கள். வெப்சைட் விசாரணை அண்ணன் பொறுப்பு, அவருக்கு அடுத்து நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான்தான். அதனால் எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தால் அது நான் படிக்காமல் விட்டதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் வெப்சைட்டைக் காணோம். மெயிலும் செத்துவிட்டது. அண்ணன் வயரைப் பிடுங்கிச் சொருகினார், சர்வரை அணைத்துப் போட்டார், மின்சாரக்காரர்களைத் திட்டினார். அரை மணி நேரம் கழித்து நான் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணே, நம்ம முகவரியை ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"நம்மளதையா? நம்மளது யாருதுன்னு நமக்குத் தெரியாதா பாப்பா?"

தட்டினார். காலாவதி: போன வெள்ளிக்கிழமை. உரிமையாளர் என்ற இடத்தில், எங்கள் மாடிக்குக் கீழே கடை வைத்திருக்கும் சலூன்காரரின் பெயர் இருந்தது. போன் நம்பரும் சலூனுடையது. ஊரில் உள்ள முகவரியையெல்லாம் தேடியவர் எங்களுடையதை ஒரு நாளும் தேடவில்லை. நானும் தேடவில்லை. அவர் பார்த்திருப்பார் என்று அவரை நம்பினேன்.

பிறகு அவரே சொன்னார். பத்து வருடத்துக்கு முன் பதியும்போது, யார் பெயரைப் போடுவது என்று முதலாளிகள் இருவருக்கும் சட்டையைப் பிடிக்காத குறை. அண்ணன் அப்போது கீழே சலூனில் முடி வெட்ட உட்கார்ந்திருந்தார். இப்போதைக்குப் பொதுவாக ஒரு பெயர் இருக்கட்டும் என்று, கத்தரிக்கோல் பிடித்திருந்தவர் பெயரைப் போட்டுவிட்டார். பத்து வருடத்துக்குச் சேர்த்துப் பதிந்தால் தள்ளுபடி. அதோடு எல்லோரும் மறந்துபோனார்கள்.

பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. புதிது கேட்டால் அது செத்துப்போன எங்கள் மெயிலுக்கே போகும். பதிவு நிறுவனத்துக்குப் போன் போட்டோம். "ஓனர்கிட்ட மட்டும்தான் சார் பேசுவோம். நாளைக்குப் பதினோரு மணிக்கு ரெக்கார்டுல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடுறோம்" என்றாள் ஒரு பெண்.

பெரிய முதலாளி வந்து அண்ணன் முன்னால் நின்றார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சைட் வரணும். வரலைன்னா நீ வராதே."

கீழே போய் ஒரு வார்த்தை கேட்டால் முடிகிற காரியம். ஆனால் அண்ணனும் சலூன்காரரும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. சலூன்காரர் ஆசை ஆசையாக ஒரு வெப்சைட் போட்டு, ‘முப்பது ஆண்டு அனுபவம்’ என்று எழுதியிருந்தார். அண்ணன் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "முப்பது வருஷமாம்! பதிவு பண்ணி ஒன்பது நாள்தான்யா ஆகுது!" என்று சத்தமாகச் சொன்னார். பாதிச் சவரத்தில் இருந்தவர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து அண்ணன் வேறு எங்கோ முடி வெட்டிக்கொண்டு, எலி கடித்த மாதிரி வருவார்.

மறுநாள் பத்தரைக்கு நாங்கள் இருவரும் கீழே போனோம். நான் உள்ளே நுழைந்ததும் நாற்காலியில் இருந்த ஆண்கள் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓஹோ, அதானா?" என்றார் சலூன்காரர். "நாலு தடவை ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு, உங்க பேர்ல இருக்கிறது முடியப்போகுதுன்னு. மேல இருக்கிறவன்தான் ஆள் வெச்சுக் கிண்டல் பண்றான்னு நல்லாத் திட்டி விட்டுட்டேன்."

"அது நிஜமான போன்தாங்க."

"அப்ப அந்தக் கம்பெனிக்கு ஓனர் நானா?" கத்தியை மெல்லத் துடைத்தார். "என் கம்பெனியில என்னம்மா விக்கிறோம்?"

"சைக்கிள் செயின், பெடல்..."

"வியாபாரம் எப்படி?"

"பரவாயில்லைங்க."

"பரவாயில்லைன்னா பத்தாதே. வேலை செய்றவங்க சரியில்லையோ?" கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான்" என்றார்.

"காதுல விழல."

"தப்புதான்னு சொன்னேன்!"

"இது பத்தாது. அன்னைக்குச் சனிக்கிழமை, கடை நிறைய ஆளு. சத்தமா சொன்னே. அதே மாதிரி ஒரு சனிக்கிழமை வந்து, நடுவுல நின்னு, முப்பது வருஷம் இந்தக் கைக்குன்னு சத்தமா சொல்லணும்."

"வர்ற சனிக்கிழமை சொல்றேன்."

"இந்தப் பொண்ணு சாட்சி."

தலையாட்டினேன். பதினோரு மணிக்குப் போன் அடித்தது. சலூன்காரர் முதுகை நிமிர்த்தி, ரிசீவரை எடுத்தார்.

"ஆமாம்மா, ஓனர்தான் பேசுறேன். அன்னைக்குத் திட்டினதை மனசுல வெச்சுக்காதே... ஆமா, சைக்கிள் கம்பெனி. முப்பது வருஷ அனுபவம்." கடை முகவரியைப் பிசகாமல் சொன்னார். "புது மெயிலா? ஒரு நிமிஷம் இரும்மா." அண்ணன் ஓடிப்போய், புது மெயில் முகவரி எழுதியிருந்த இடது கையை விரித்துக் காட்டினார். சலூன்காரர் அதை எழுத்தெழுத்தாகப் படித்தார். "தெளிவா எழுதக்கூடாதா?" என்று நடுவில் அதட்டவும் செய்தார்.

புது மெயிலுக்குப் பாஸ்வேர்டு வந்து, பணம் கட்டியதும், நான்கு மணிக்கு வெப்சைட் வந்துவிட்டது. வேலை போகவில்லை. உரிமையாளர் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை, ஏனென்றால் முதலாளிகள் மறுபடி சட்டையைப் பிடிக்கப் போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனுக்கு வயிற்றுவலி. அடுத்த சனிக்கிழமை கடையில் கூட்டம் போதாது என்றார். அதற்கடுத்த வாரம் கூட்டம் அதிகம் என்றார். ஏழாவது வாரம் வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்து, சலூன் வழியாகப் போகாமல் பின்படியில் இறங்கிப் போய்விட்டார்.

போன் போட்டால், "வர்றேன்னு சொல்லு பாப்பா" என்கிறார். அவருக்குப் பதிலாக நானே சொல்லிவிடுகிறேன் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். சலூன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ ஏம்மா சொல்லணும்? நீ சிரிச்சியா அன்னைக்கு?"

சிரித்தேன், மாடிப்படியில் நின்றபடி. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் அவர் வாசலுக்கு வந்து மாடிப்படியைப் பார்க்கிறார், கடை நிறைய ஆள் இருக்கிறது.