பஸ்ஸில் பார்த்த நீலகிரித் தைலம்

இன்று கெலமங்கலத்தில் இருந்து ஓசூர் வரும் பஸ்ஸில் ஒரு வடநாட்டுப் பெண் கைக்குழந்தையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம் போலிருக்கிறது. குழந்தைக்கு மூக்கடைப்பு.

பையில் இருந்து நீலகிரித் தைலம் எடுத்தாள். விரலில் தொட்டுக் குழந்தையின் மூக்கிலேயே தடவினாள்.

பெரியவர்கள் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்கலாம். பச்சைக் குழந்தைக்கு அந்த நெடி மூச்சையே அடைத்துவிடும்.

"வேணாம்மா" என்றேன். சிரித்தாள்.

கன்னடத்தில் "பேடம்மா", தெலுங்கில் "வத்தம்மா" என்றேன். அதற்கும் சிரிப்புதான். அஞ்சாவது வரைதான் படித்திருந்தாலும் மூன்று பாஷை பேசுகிறவள் என்று பெருமை அடித்துக்கொள்வேன். ஒன்றும் உதவவில்லை.

முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டேன். சளி துடைக்கிறேன் என்று நினைத்துக் கை கூப்பினாள். மறுபடியும் தடவினாள்!

பாட்டிலைப் பிடித்தேன். எனக்குத் தலைவலி என்று நினைத்து என் நெற்றியில் தேய்த்துவிட்டாள்.

கண்டக்டரைக் கூப்பிட்டேன். "தம்பி, நீயாவது இந்தியில சொல்லுப்பா. புள்ளைக்கு மூச்சு முட்டும்."

"எனக்கு டிக்கெட் கேக்கற அளவுக்குத்தான் பாட்டி இந்தி வரும்" என்றார்.

அதற்குள் அவள் ஸ்டாப் வந்து இறங்கிவிட்டாள். குழந்தை தோளில் இருமிக்கொண்டே போனது.

"மூக்கில் தடவாதே, டாக்டரிடம் காட்டு" என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புங்கள். நாளைக்கும் அதே பஸ்ஸில்தான் வருவேன். அவளும் வரவேண்டுமே.