டிபன் முதலில், தீர்மானம் பிறகு

1. இறால் தொடாதவன்

மாமல்லபுரம் சாலையை ஒட்டி இறால் குளங்கள் வெட்டிய ஒரு கம்பெனியின் பங்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் பணி செய்தேன். விடியலில் நீராடி, திருமண் இட்டு, பாசுரங்களை ஓதி முடித்த பின்னரே செங்கல்பட்டில் பஸ் ஏறுவேன். இறாலை நான் கண்டது ஆண்டறிக்கையின் அட்டைப் படத்தில் மட்டுமே. பங்குதாரர்களுள் பெரும்பாலோரும் அப்படித்தான். பின்னாளில் நோய் விழுந்து இறால்கள் செத்தபோது குளங்களுக்கும் அதே நிலை வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பங்கு வெளியிட்டபோது எங்கள் சேர்மன் கடலைச் சுட்டிக்காட்டிப் பேசினார். கடலே கம்பெனியின் சொத்து என்று கேட்டவர்கள் எண்ணிக்கொண்டார்கள்; அவர் மறுக்கவில்லை. மறைமலைநகர் தொழிலாளர்களும், மதுராந்தகத்து நெல் வியாபாரிகளும், அரசு ஊழியர்களும் விண்ணப்பம் போட்டார்கள். நிலம் கொடுத்த உழவர்களுக்குப் பாதி விலை பணமாகவும், பாதி விலை பங்காகவும் கிடைத்தது. விலை ஏறியிருந்த நாட்களில் சேர்மன் குடும்பம் தன் பங்குகளில் பெரும்பகுதியை ஓசையின்றி விற்றுவிட்டது. அந்தப் பெயர்மாற்றப் படிவங்களைச் சரிபார்த்தவன் நான். படிவங்களில் பிழை ஏதுமில்லை.

நிலம் கொடுத்தவர்களுள் ஒருவர் தேசிங்கு. மூன்று ஏக்கர் கொடுத்தவர். பங்குப் பத்திரங்களைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகச் சொல்வார். என் நெற்றியைப் பார்த்து என்னைச் ‘சாமி’ என்றே அழைப்பார்.

2. பந்தி

நோய்க்குப் பின் வங்கிகள் நெருக்கின. கம்பெனியை வாங்க ஆள் தேடினார்கள். கடற்கரை நிலத்துக்காக ஓர் ஓட்டல் குழுமம் முன்வந்தது. அது இரண்டு விதமாக வாங்கலாம். கம்பெனியையே வாங்கினால் சிறு பங்குதாரர்களுக்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். நிலத்தையும் குளத்தையும் மட்டும் வாங்கினால் பணம் வங்கிக்குப் போய்விடும். பங்குதாரர் கையில் ஒன்றுமில்லாத கம்பெனியின் பத்திரம் மட்டும் மிஞ்சும். இரண்டாவது வழியே சிக்கனமானது என்று சேர்மன் கண்டுபிடித்தார். ஆனால் அதற்குப் பொதுக்குழுவின் தீர்மானம் வேண்டும். பங்குகளோ பெரும்பாலும் பொதுமக்களிடம் இருந்தன.

எங்கள் ஆண்டுக் கூட்டம் கல்யாண மண்டபத்தில்தான் நடக்கும். கூட்டம் முடிந்ததும் பந்தி. கணக்கறிக்கையைப் படிக்காதவர்கள்கூடக் கேசரியின் தரத்தை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பேசுவார்கள். அவ்வாண்டு கம்பெனி செயலர் என்னை அழைத்துச் சொன்னார்: “டிபனை முன்னாடி வெச்சுடுங்க சார். வெளியூர்ல இருந்து வர்றவங்க, பாவம், பசியோட இருப்பாங்க.”

ஏழு ஆண்டுகளில் பங்குதாரரின் பசி அவர் நினைவுக்கு வந்தது அதுவே முதல் முறை. எனக்குக் காரணம் விளங்கியது. விளங்கியும், கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நாதஸ்வர கேசட் போடச் சொன்னேன். மேலே மைக்கில் பேசுவது அங்கே கேட்காது. அது என் சொந்த யோசனை, செயலர் மெச்சினார்.

‘பந்தி ரெடி’ என்ற அறிவிப்புக்குக் கல்யாண மண்டபத்தில் இருக்கும் மதிப்பு வேறெந்த அறிவிப்புக்கும் கிடையாது. பத்தேகாலுக்கு அது ஒலித்ததும் முந்நூறு பேர் எழுந்து கீழே போனார்கள். பத்தரைக்குக் கூட்டம் என்று நோட்டீஸில் இருந்தது. எந்நாளும் அரை மணி தாமதமாக வரும் சேர்மன் அன்று பத்தரைக்கே மேடையேறினார்.

3. கை

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. தேசிங்கு விரதம், அதனால் பந்திக்குப் போகவில்லை. நானும் விரதம். அவரைத் தவிர அரங்கில் இருந்தவர்கள் முன்வரிசையில் அமர்த்தப்பட்ட எங்கள் ஊழியர்களே. ஊழியர் ஒதுக்கீட்டில் எங்கள் எல்லோரிடமும் பங்கு உண்டு.

தீர்மானம் படிக்கப்பட்டது. ஆதரவாக ஊழியர்களின் கைகள் உயர்ந்தன. வந்தவர்களின் பெயரும் பங்கும் கொண்ட கையெழுத்துப் பதிவேடு என் மடியில் இருந்ததால் நான் மட்டும் தூக்கவில்லை என்று பின்னர் எனக்கே சொல்லிக்கொண்டேன். எதிர்ப்பு உண்டா என்று சேர்மன் கேட்டபோது தேசிங்கு கையைத் தூக்கியபடி எழுந்து நின்றார்.

“இன்னா சேர்மன், அத்தினி பேரும் கீழ துன்னுகினு கீறாங்க, நீ இங்க நெலத்த வித்துகினு கீற. அவங்க வரட்டும். சீட்டு போட்டு எண்ணு.”

அவர் கேட்டதில் சட்டம் இருந்தது. தலைக்கு ஒரு கை என்றில்லாமல் பங்குக்கு ஏற்ப எண்ணும் சீட்டு வாக்கெடுப்பைக் கேட்டால் நடத்தியே ஆக வேண்டும். ஆனால் கேட்பவர்களிடம் குறிப்பிட்ட அளவு பங்கு சேர்ந்திருக்க வேண்டும். செயலர் அதை மைக்கில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினேன். தேசிங்குவின் பங்கு அந்த அளவுக்குச் சற்றுக் குறைவு. இன்னொருவர் சேர்ந்தால் போதும். என் பெயரில் இருந்த பங்கு அந்தக் குறைவைத் தாராளமாக நிரப்பும்.

“சாமி, பத்தலன்னா நீ கொஞ்சம் தூக்கேன்” என்றார் தேசிங்கு.

நாள்தோறும் சந்நிதியில் தலைக்கு மேல் குவியும் என் கைகள் அன்று பதிவேட்டை விட்டு எழவில்லை. சரணாகதிக்கு உரிய இடம் எதுவென்று சிறுவயது முதல் கேட்டும் ஓதியும் வந்தவன், மாதச் சம்பளம் தருபவரிடம் அதை முழுமையாகச் செய்து முடித்தேன். பங்கு போதாது என்று அறிவித்தேன். தீர்மானம் நிறைவேறியது. கேசரி வாசனையோடு முந்நூறு பேர் மேலே வந்தபோது சேர்மன் நன்றி கூறிக்கொண்டிருந்தார்.

4. மினிட்ஸ் புத்தகம்

கூட்ட நடவடிக்கையை எழுதும்போது எதிர்ப்பு ஒன்று இருந்ததைக் குறிக்கலாமா என்று செயலரைக் கேட்டேன். “ஒரு கைக்கு எதுக்கு சார் தனி வரி? ஒருமனதாகன்னு போடுங்க” என்றார். போட்டேன். என் கையெழுத்து எப்போதுமே அழகாக இருக்கும்.

மூன்று வாரம் கழித்துத் தேசிங்கு அலுவலகத்துக்கு வந்தார். மினிட்ஸ் புத்தகத்தைப் பார்க்கப் பங்குதாரருக்கு உரிமை உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாததால் என்னையே படிக்கச் சொன்னார். படித்துப் பொருளும் சொன்னேன்.

“நான் தூக்குன கை இதுல எங்க கீது, சாமி?”

இல்லை என்றேன்.

“அப்ப நான் வரவே இல்லியா?”

வந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது என்றேன்.

“கையில்லாம வந்துகீறேன்” என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். புத்தகத்தை அவரே மூடி என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. வருவதற்குக் கூட்டமும் இல்லை. அவருடைய பத்திரத்துக்கு விலையும் இல்லை.

கம்பெனி அலுவலகங்களில் பணிக்கு வரும் இளையவர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது எளியது. ‘ஒருமனதாக’ என்று எழுதுமுன் அரங்கைப் பாருங்கள். எதிர்த்து உயர்ந்த கை ஒன்றே ஆனாலும், அது யாருடையது என்று பெயரோடு எழுதுங்கள். தீர்மானம் அதனால் மாறாது, உங்கள் மேலதிகாரி கடிந்துகொள்வார், அவ்வளவே.

நான் அந்தக் கடிந்துரையையும் கேட்டவனல்லன். நிலத்தை வாங்கிய ஓட்டல் குழுமம் பழைய ஊழியர்களுள் என்னை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. நம்பத்தக்க மனிதர் என்று செயலர் எழுதிக் கொடுத்திருந்தார்.