ஒரு ஸ்பூன் போதும் எனக்கு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம் கழித்து, அவர் வாயிலிருந்து முதன்முதலாக முழுசாக வந்த வாக்கியம் ஒரு சலவைத்தூள் விளம்பரத்தினுடையது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரித்ததற்காகச் சங்கடப்படுவார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

சேலையூரில் நாங்கள் மூன்று பேர். அப்பா நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வேலைக்குப் போனதில்லை. நான் கிண்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் இருக்கிறேன். கேம்ப் ரோட்டில் பஸ் பிடித்துத் தாம்பரம் ஸ்டேஷன், அங்கிருந்து மின்ரயில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அப்பாவின் அந்த எட்டு மாதங்களையும் கூடவே இருந்து பார்த்தேன்.

அப்பா பாடுவார். பெரிய குரல் இல்லை, ஆனால் சுருதி விலகாது. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் வந்த காதல் பாட்டு அவருக்கு முகம் மழிக்கும் நேரத்துப் பாட்டு. 'ஒரு சிரிப்பு போதும் எனக்கு' என்று தொடங்கும். நீ பேசக்கூட வேண்டாம், சிரித்துவிட்டுப் போ, நான் பிழைத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி கதாநாயகன் பாடிக்கொண்டு போவான். பல்லவி முடிந்ததும் வரும் வயலினையும் அப்பா வாயாலேயே வாசிப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதே பாட்டு, அதே வயலின்.

அந்தப் பாட்டை ஒரு சலவைத்தூள் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். 'சிரிப்பு' இருந்த இடத்தில் 'ஸ்பூனு' வந்து உட்கார்ந்தது. ஒரு பெண் வாளித் தண்ணீரில் ஒரே ஒரு ஸ்பூன் தூளைப் போடுவாள். கொடியில் தொங்கும் சட்டைகளெல்லாம் கை கோத்து ஆடும். 'ஒரு ஸ்பூனு போதும் எனக்கு.' பழைய பாடகரின் குரல் இல்லை, யாரோ புதுப் பையன். வயலின் வரவேண்டிய இடத்தில் ஒருவர் அவசர அவசரமாக விலை சொல்வார். அரை மணி நேர சீரியலுக்குள் நான்கு தடவையாவது வந்துவிடும்.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. ரிமோட்டைத் தொடை மேலேயே வைத்திருந்து, சட்டைகள் தெரிந்த உடனே சத்தத்தை நிறுத்திவிடுவார். "அவனுக்குச் சொந்தமா ஒரு மெட்டு போட வக்கில்லையா? ஊர்ப்பட்ட பாட்டு கிடக்கு, இதுதான் கிடைச்சுதா?" என்பார். அவரைச் சமாதானப்படுத்த நான் விளம்பரக்காரர்கள் பக்கம் பேசிப் பார்த்திருக்கிறேன். தூள் வாங்குகிறவர்கள் நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்த பாட்டாகத்தான் எடுப்பார்கள், இந்தச் சாக்கிலாவது சின்னப் பிள்ளைகள் காதில் பழைய மெட்டு விழுகிறதே என்றேன். "விழட்டும், விழட்டும். நாளைக்கு இதுதான் பாட்டுன்னு சொல்வானுங்க" என்றார். எனக்கு அந்த விஷயத்தில் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. மெட்டு நன்றாக இருந்தது, விளம்பரம் சுமாராக இருந்தது.

ஒரு புதன்கிழமை காலை அவர் குளியலறை வாசலில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். காலில் கொஞ்சம் வலு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, மூளையில் பதில் சொல்கிற இடம்தான் அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டர். அது உண்மை என்பது அப்பாவின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஏதாவது கேட்டால் வாயைத் திறப்பார். 'அ' என்று ஒரு சத்தம் வரும். அதற்கு மேல் வராது என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மத்தியானம் அம்மா ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்து வந்தாள். அப்பா தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு பாடினார். தெளிவாக, சுருதியோடு, "ஒரு ஸ்பூனு போதும் எனக்கு."

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு சமையலறைக்கு ஓடினாள். அவர் ஸ்பூன் கேட்கிறார் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். அம்மா கொண்டுவந்த ஸ்பூனை அப்பா இடது கையால் வாங்கி ஜன்னல் பக்கம் எறிந்தார். மறுபடியும் அதே வரியைப் பாடினார். அவர் முகத்தில் தெரிந்தது கோபமா அவமானமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது உப்பு. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அந்த வரிதான். மின்விசிறி போடவும் அதுதான், தலையணையை நகர்த்தவும் அதுதான். இரும்புலியூரிலிருந்து பார்க்க வந்த அம்மாவின் தம்பி, "எப்படி இருக்கீங்க மாமா?" என்று கேட்டபோதும் அதுதான் வந்தது. வந்தவர் ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் போனதும் டிவி ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பரணில் வைத்தாள்.

"நாப்பது வருஷமா பாடினது எங்கடி போச்சு? நாலு மாசம் டிவியில வந்தது மட்டும் எப்படி நிக்குது?" என்று என்னிடம் கேட்டாள். 

குரோம்பேட்டையில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் வாரம் மூன்று நாள் போக ஆரம்பித்தோம். முப்பது வயதுகூட இருக்காது. அம்மா முதல் நாளே அவளிடம் விளம்பர விஷயத்தை, ஏதோ கெட்ட பழக்கத்தைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு அதில் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை.

"பேசற இடம் வேற, பாடற இடம் வேற ஆன்ட்டி. அங்கிளுக்குப் பாட்டு வர்றது நல்ல விஷயம்."

"பாட்டு வரட்டும்மா. அந்த நல்ல பாட்டு வரக்கூடாதா?"

"எது வருதோ அதை வெச்சுத்தான் ஆரம்பிக்கணும்" என்றாள் அவள். பிறகு அப்பாவின் இடது கையைத் தன் கையால் மேசைமேல் மெல்லத் தட்டித் தட்டி, அந்த மெட்டை வார்த்தையில்லாமல் முனகினாள். அப்பாவும் முனகினார். மூன்றாவது தடவை அவளே பாடினாள்: "ஒரு தண்ணி போதும் எனக்கு." இலக்கணம் ஏதும் இல்லாத வரி. அப்பா அவளை முறைத்தார். இதைவிட மோசமாக இந்தப் பாட்டை யாராலும் கெடுக்க முடியாது என்கிற முறைப்பு. விளம்பரக்காரர்கள் ஒரு வார்த்தையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினார்கள் அல்லவா, அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் செருகலாம் என்பதுதான் அவளுடைய திட்டம். துண்டு, பேப்பர், ஃபேன், மாத்திரை.

வீட்டில் அம்மா இதற்கு உடன்படவில்லை. காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'சிரிப்பு, சிரிப்பு' என்று பழைய வரியையே சொல்லிக் கொடுப்பாள். அப்பா உதட்டைக் குவித்து முயற்சி செய்வார். 'ஸ்பூனு' என்றுதான் முடியும். அம்மா முகம் சுண்டிவிடும். சாயங்காலம் நான் வந்து அந்தப் பெண் சொன்னபடி மேசையில் தட்டுவேன். இப்படி ஒரே வீட்டில் ஒரே மெட்டுக்கு இரண்டு வாத்தியார்கள். மூன்று வாரத்தில் எனக்குக் கிடைத்தது 'தண்ணி' ஒன்றுதான். அதுவும் பாதி நாள் 'தன்னி'.

அந்தச் சண்டை முடிந்தபோது நான் வீட்டில் இல்லை, அலுவலகத்தில் இருந்தேன். அன்று கரண்ட் இல்லை. அப்பா நாற்காலியில் நெளிந்துகொண்டு ஸ்பூன் வரியையே திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார். அம்மா தண்ணீர் கொடுத்தாள், விசிறினாள், கால் பிடித்துவிட்டாள். அவர் கேட்டது அது எதுவும் இல்லை. கடைசியில் அம்மா அவர் கையைத் தட்டி "ஒரு..." என்று மெட்டில் எடுத்துக் கொடுத்து நிறுத்தியிருக்கிறாள்.

"பாத்ரூம் போதும் எனக்குன்னாரு" என்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள். சிரிக்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "நேரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

மறுநாள் முதல் 'சிரிப்பு' பாடம் நின்றுபோனது. சமையலறையிலிருந்து அம்மா மெட்டிலேயே கேட்பாள், அப்பா கூடத்திலிருந்து மெட்டிலேயே பதில் சொல்வார். தோசை, சட்னி, சொக்காய், செருப்பு. மாடியில் குடியிருப்பவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் மாதம் அப்பா கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கேம்ப் ரோடு வரை கூட்டிக்கொண்டு போனேன். டீக்கடையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தடியின் பிடியில் விரலால் தட்டிக்கொண்டே டீ மாஸ்டரைப் பார்த்துப் பாடினார்.

"ஒரு டீ போதும் எனக்கு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீ மாஸ்டர் வடிகட்டியை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்.

"இன்னா சார், சோப்புத்தூள் பாட்டு பாடினுகீறே?" என்றார். பிறகு என்னைக் காட்டி, "ஒண்ணு போதும்ன்றே. அப்ப பொண்ணுக்கு இன்னா, வெறும் கிளாஸா?"

அதில் கேலி இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் எல்லா வாடிக்கையாளரிடமும் அவர் செய்கிற கேலிதான். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். தவறு செய்துவிட்ட முகம். விரல் தடியில் தட்டுவது நின்றுவிட்டது. வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. நான் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு" என்றார்.

மெட்டு இல்லை. சாதாரணமாக ஒரு மனிதர் கடையில் சொல்கிற 'ரெண்டு'. டீ மாஸ்டர் இரண்டு கிளாஸைக் கழுவி வைத்தார். அவருக்கு இதில் விசேஷம் ஒன்றும் தெரிய நியாயமில்லை. நாங்கள் குடித்தோம். நான் பாதியிலேயே கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டேன். அப்பா முழுதும் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. ஒற்றை வார்த்தைகள் வந்தன. மெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. முதலில் 'எனக்கு' போயிற்று, பிறகு 'போதும்' போயிற்று, கடைசியில் வேண்டிய பொருளின் பெயர் மட்டும் நின்றது. இப்போது நாலைந்து வார்த்தை சேர்த்துப் பேசுகிறார். அம்மாவைச் சில சமயம் வார்த்தை மாறி 'சார்' என்று கூப்பிட்டுவிடுவார். அவளும் "சொல்லுங்க சார்" என்பாள். டிவி ஒயர் பரணிலிருந்து இறங்கி வெகு நாளாகிறது. அந்த விளம்பரம் இப்போது வருவதில்லை. அதே தூளுக்கு வேறு ஏதோ பழைய பாட்டைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது.

குரோம்பேட்டைக்கு நாங்கள் கடைசியாகப் போனது சென்ற மாதம். இனி தேவைப்பட்டால் வந்தால் போதும் என்று அந்தப் பெண் அப்பாவின் ஃபைலை மூடினாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அங்கிள், முன்னாடி பாடுவீங்களே, அதை ஒரே ஒரு தடவை பாடினா வீடியோ எடுத்துக்கறேன். புதுசா வர்ற பேஷன்ட் குடும்பத்துக்குக் காட்டலாம். நிறைய பேர் நம்பவே மாட்டேங்கறாங்க" என்றாள்.

எனக்கு அது நியாயமான கோரிக்கையாகத்தான் பட்டது. எத்தனையோ பேருக்கு உதவும். நானாக இருந்தால் சரி என்றிருப்பேன். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா நேரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் ஃபோனைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள்.

"அது வேணாம்மா" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு... வெக்கமா இருக்கு."

அவள் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு, மூடிய ஃபைலைத் திரும்பத் திறந்து ஒரு வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோவுக்கு நின்றோம். வெயில் ஏறியிருந்தது. அம்மா புடவைத் தலைப்பை அவர் தலைக்கு மேலே பிடித்தாள். அவர் அதைத் தள்ளிவிட்டு, வருகிற ஆட்டோவை நோக்கித் தடியை நீட்டினார்.